நெய்வேலியின் ஈரக்கரி

1930-களில் ஜம்புலிங்க முதலியார் நெய்வேலியில் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டார். தண்ணீர் வந்தது, கூடவே கறுப்பாக ஏதோ வந்தது. பழுப்பு நிலக்கரி. இரண்டும் சேர்ந்து வந்ததில் வியப்பில்லை. அந்தக் கரியின் கதை முழுக்கத் தண்ணீர்தான்.

காட்டில் மரம் விழுந்தால் கரையானும் பூஞ்சையும் தின்று தீர்த்துவிடும். தேங்கிய சதுப்பில் விழுந்தால் அப்படியில்லை. காற்றுப் புகாத நீரில் மக்குவது பாதியில் நின்றுவிடும். இலையும் கட்டையும் அடுக்கடுக்காகச் சேர்ந்து 'பீட்' என்னும் கறுத்த சேறாகும். தரை மெல்ல அமிழ, ஆறுகள் அதன்மேல் மணலும் களிமண்ணும் கொட்டும். மேல்பாரம் ஈரத்தைப் பிழிய, ஆழத்துச் சூடு மற்றதை விரட்ட, கார்பனின் பங்கு ஏறிக்கொண்டே போகும்.

ஜார்க்கண்டின் ஜாரியாவில் 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய காடுகள் ஆழப் புதைந்து, நன்றாக வெந்து, கருங்கரியாயின. நெய்வேலிக்கு வயதும் குறைவு, ஆழமும் குறைவு. அரைவேக்காடு என்றே சொல்லலாம். சில கட்டிகளில் மர ரேகைகூடத் தெரியும். எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். இதை ரயிலேற்றித் தொலைதூரம் அனுப்பினால் தண்ணீருக்கும் சேர்த்துக் கூலி கொடுக்க வேண்டும். குவித்து வைத்தாலோ தானாகவே தீப்பிடிக்கும். அதனால்தான் அனல் மின்நிலையங்கள் சுரங்கத்தின் வாசலிலேயே எழுந்தன.

சுரங்க வேலை 1957 மே மாதம் தொடங்கியது. கரியின் முகம் தெரிந்ததோ 1961 ஆகஸ்டில். மேல்மண்ணை அகற்றுவது ஒரு பாடு. அதைவிடப் பெரும்பாடு, கரிப்படுகைக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கும் நிலத்தடி நீர். சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் அது மேல்நோக்கி முட்டுகிறது. மேலிருக்கும் பாரத்தை எடுத்துவிட்டால் குழியின் தரையே பிளந்து நீர் பீறிடும். ஆகவே சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைத் தணித்தபடியேதான் தோண்ட வேண்டும். ராட்டினம்போல் சுழலும் ஜெர்மன் 'பக்கெட் வீல்' இயந்திரங்களைப் பார்க்க வருவோர் இந்த மோட்டார்களைக் கவனிப்பதில்லை. மோட்டார் நின்றால் மற்றதும் நிற்கும்.

இறைத்த நீரில் ஒரு பங்கு மின்நிலையங்களுக்கும் ஒரு பங்கு வயல்களுக்கும் போகிறது. தங்கள் கிணற்று மட்டம் இறங்கிவிட்டதே என்பது சுற்றுவட்டார விவசாயிகளின் நெடுநாள் முறையீடு.