பாகில் வெந்த பீன்ஸ்

அமெரிக்காவில் தணலில் இறைச்சி வாட்டி உண்ணும் விருந்தைப் 'பார்பிக்யூ' என்பர். அவ்விருந்தில் இறைச்சிக்குத் துணையாக வருவது, இனிப்புப் பாகில் வெந்த வெண்ணிறப் பீன்ஸ் விதை. பாஸ்டன் நகரம் இவ்வுணவால் பெயர் பெற்றது. அங்குக் குடியேறிய பியூரிட்டன் கிறித்தவர்கள் ஞாயிறன்று சமைத்தல் ஆகாது எனக் கருதினர். எனவே, சனிக்கிழமையே பானையை அடுப்பினுள் வைத்துவிடுவர்.

விதையை இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரை வடித்துவிட்டுப் புதுநீரில் கொதிக்க வைத்தல் வேண்டும். விதை மென்மையான பின்னரே கரும்புப்பாகு, கடுகுத்தூள், தக்காளி ஆகியவற்றைச் சேர்ப்பர். முன்னரே சேர்த்தால், தக்காளியின் புளிப்பும் பாகிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் விதையை இறுக்கிவிடும். பின்னர் அது எளிதில் வேகாது. இறுதியில், மூடிய மண்பானையில் சிறுதீயில் பல மணிநேரம் வைத்தால் பாகின் சுவை விதைக்குள் இறங்கும். அவசரக்காரர்க்கு ஏற்ற சமையலன்று இது!

நீங்கள் அறிந்த ராஜ்மாவும் இதே செடியினத்தைச் சேர்ந்ததே. ராஜ்மாவை அரைவேக்காட்டில் உண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். அதிலுள்ள நச்சுப்பொருள் சிறுதீயில் அழியாது. ஊறவைத்த விதை குறைந்தது 10 நிமிடமேனும் தளதளவெனக் கொதித்தல் வேண்டும். வெண்ணிற விதையில் அந்நச்சு குறைவே எனினும், அதனையும் கொதிக்க வைத்த பின்னரே பானையில் இடுவர்.