இல்லக் கணினியும் பணிசெயல் முறைமை மாற்றமும்

மன்னார்ப் பெருநிலப்பரப்பின் தென்பாலிலே, சிலாவத்துறைக்கு அணித்தாக அமைந்துள்ள கொண்டச்சி இன்று மரமுந்திரிகைத் தோட்டத்தால் அறியப்படும் ஊராகும். ஆயின், ஒரு காலத்தில் அதன் பெயர் கடல் கடந்தும் வழங்கியது. 1803ஆம் ஆண்டில் றொபேட் பேர்சிவல் என்பார் இலங்கையைப் பற்றி எழுதி வெளியிட்ட நூலிலே கொண்டச்சிக் குடாவின் முத்துச் சலாபம் விரித்துரைக்கப்பட்டுள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில் சலாபம் கூறப்படுமுன் முத்துப்பார்களைப் பரிசோதிக்கும் வழக்கம் நிலவியது. பார்களிலிருந்து ஒரு தொகைச் சிப்பிகளை மாதிரியாக எடுப்பித்து, அவற்றிற் கிடைத்த முத்துகளை மதிப்பிட்ட பின்னரே குளிப்பு நிகழ்த்துவதா, ஒத்திவைப்பதா என்பது தீர்மானிக்கப்பட்டது. முதிராத சிப்பியை எடுத்தால் முத்துச் சிறுத்திருக்கும். காலந் தாழ்த்தினாலோ சிப்பி மாண்டு முத்தும் கடலோடு போய்விடும். முந்தினாலும் நட்டம், பிந்தினாலும் நட்டம் என்ற நிலையில், மாதிரி எடுத்துப் பார்த்துத் துணிவதே முன்னோர் கண்ட வழியாயிற்று.

இப்பழங்கதையை யாம் இங்கு எடுத்துக்கொண்டமைக்குக் காரணமுண்டு. இக்கரையிலுள்ள எமது இல்லத்துக் கணினியின் பொருட்டு அண்மையில் இதனையொத்ததொரு தீர்மானத்தை யாமும் எடுக்க நேர்ந்தது. எம் கல்லூரியின் பழைய மாணவர் பலரது வீடுகளிலும் இதே வினா எழுந்திருக்குமாதலின், யாம் ஆராய்ந்தறிந்தவற்றை இவ்விழா மலரிலே முறைப்பட எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

கணினியின் பொறிகளுக்கும் அதில் நாம் கையாளும் மென்பொருள்களுக்கும் நடுவே நின்று, இரண்டினையும் இணக்கி நடத்துவது பணிசெயல் முறைமை எனப்படும். தமிழ்நாட்டார் இதனை இயங்குதளம் என்பர். இல்லக் கணினிகளிற் பெரும்பாலானவற்றில் அமைந்திருப்பது மைக்ரோசொப்ட் நிறுவனத்தாரின் விண்டோஸ் ஆகும். அதன் 10ஆம் பதிப்பு 2015 யூலை 29இல் வெளிவந்தது. 11ஆம் பதிப்பு 2021 ஒக்டோபர் 5இல் வெளிவந்தது. 10ஆம் பதிப்புக்கு அளிக்கப்பட்டு வந்த பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் நிறைவுற்றது. இதற்கு முன்னரும் இவ்வாறே எக்ஸ்.பி. பதிப்பு 2014இலும், 7ஆம் பதிப்பு 2020இலும் ஆதரவு இழந்தன.

ஆதரவு நின்றது என்றால் கணினி நின்றுவிடும் என்பது பொருளன்று. முன்னாளிற் போலவே அது இயங்கும். கடிதம் எழுதலாம், படம் பார்க்கலாம். ஆயின், முறைமையின் நிரலிலே புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் இற்றைப்படுத்தல்கள் வருவதில்லை. இதில் நுணுகி நோக்கற்பாலது ஒன்றுண்டு. புதிய பதிப்பும் பழைய பதிப்பும் பெருமளவு ஒரே நிரலின் வழிவந்தவை. புதியதில் ஓர் ஓட்டை அடைக்கப்பட்ட செய்தி வெளிவந்ததும், பழையதிலும் அதே ஓட்டை திறந்திருத்தல் கூடும் என்பதைத் தீயோர் உய்த்துணர்ந்து கொள்வர். ஆதலின், நாட் செல்லச் செல்ல இடர் மிகுமேயன்றிக் குறையாது.

இவ்விடரின் தன்மையை 2017 மே 12இல் உலகம் கண்டது. வன்னாகிறை எனப்பட்ட தீநிரல் சில நாள்களுள் 150 வரையான நாடுகளிற் பரவிக் கோப்புகளைப் பூட்டி, அவற்றைத் திறக்கப் பணங் கேட்டது. பிரித்தானிய தேசிய சுகாதார சேவையின் மருத்துவமனைகள் பலவும் தடுமாறின. அந்த ஓட்டையை அடைக்கும் இற்றைப்படுத்தலோ இரு திங்களுக்கு முன்னரே வெளியாகியிருந்தது. கணினிகளிற் பல அதனை ஏற்காதிருந்தமையே கேடு விரிந்தமைக்கு முதற் காரணமாயிற்று. மருந்து வந்தும் உண்ணாதார் நிலை அதுவென்றால், மருந்தே வாராத கணினியை இணையத்தில் இணைத்து வைத்திருப்போர் நிலையை நாம் சொல்லவும் வேண்டுமோ?

அங்ஙனமாயின் எல்லாரும் உடனே 11ஆம் பதிப்புக்கு மாறிவிடலாமே எனின், அதற்கும் தடையுண்டு. அப்பதிப்புக் கணினியிடம் சில தகுதிகளை வேண்டி நிற்கின்றது. 64 பிற்று வகையைச் சேர்ந்த, ஏற்கப்பட்ட பட்டியலில் அடங்கிய செயலி. 4 ஜிகாபைற்று நினைவகம். 64 ஜிகாபைற்றுச் சேமிப்பிடம். பாதுகாப்பான தொடக்கம் என்னும் வசதி. இரகசியத் திறப்புகளைக் காத்துவைக்கும் ரி.பி.எம். 2.0 என்னும் கூறு ஆகியன வேண்டப்படும். இன்ரெல் செயலிகளைப் பொறுத்தவரை, சிற்சில விலக்குகள் ஒழிய, 2017இல் வெளிவரத் தொடங்கிய 8ஆம் தலைமுறையும் அதன் பின்னையவுமே பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ரி.பி.எம். இல்லை எனக் கணினி கூறினும் உடனே மனந் தளர வேண்டுவதில்லை. அது செயலியினுள்ளே இருந்தும் அமைப்புகளில் அணைத்து வைக்கப்பட்டிருத்தல் கூடும். மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் இலவசமாக வழங்கும் பி.சி. ஹெல்த் செக் என்னும் மென்பொருள் இத்தகுதிகளைச் சோதித்து விடை தரும்.

எமது கணினி 6ஆம் தலைமுறைச் செயலி உடையது, சோதனையிலே தேறவில்லை. இந்நிலையில் உள்ளோர் முன் நான்கு வழிகள் உள. தகுதிச் சோதனையைத் தந்திரத்தால் விலக்கி 11ஆம் பதிப்பை ஏற்றுதல் ஒன்று. இது இயலுவதேயெனினும், அவ்வாறான கணினிகளுக்கு இற்றைப்படுத்தல் கிடைக்கும் என்ற உறுதியை நிறுவனத்தார் அளிப்பதில்லை. எந்த உறுதியை நாடி மாறுகின்றோமோ அதுவே இல்லையாயின் மாறியும் பயன் யாது? 10ஆம் பதிப்புக்கான நீடித்த பாதுகாப்புத் திட்டத்திற் சேருதல் இன்னொன்று. 2025இல் அறிவிக்கப்பட்டவாறு இஃது இல்லப் பயனாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரையே உரியது. 30 அமெரிக்க டொலர் செலுத்தியோ, கணினியின் அமைப்புகளை மைக்ரோசொப்ட் கணக்கிற் காப்புச் செய்ய இசைந்து கட்டணமின்றியோ இதிற் சேரலாம் என அறிவிக்கப்பட்டது. இது தவணையேயன்றித் தீர்வன்று. புதிய கணினி வாங்குதல் மூன்றாவது. பொருள் வசதி உடையார்க்கு இது நேர்வழி. வேறொரு முறைமைக்கு மாறுதல் நான்காவது வழி.

இந்நான்காவது வழியில் முதலில் நினைக்கப்படுவது லினக்ஸ் ஆகும். பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் 1991இல் தொடக்கிவைத்த இம்முயற்சி, உலகெங்குமுள்ள பலரின் கூட்டுழைப்பால் வளர்ந்தது. உபுண்டு, லினக்ஸ் மின்ற் முதலிய அதன் வடிவங்களை எவரும் விலையின்றிப் பெறலாம். பழைய கணினிகள் பலவற்றிலும் அவை செவ்வனே இயங்கும். தமிழ் ஒருங்குகுறியை அவை நன்கு காட்டும். இலங்கைத் தமிழர் பயின்ற இரங்கநாதன் விசைப்பலகை அமைப்பையும் அவற்றிற் சேர்த்துக்கொள்ளலாம்.

எனினும், விலையில்லாதது செலவில்லாதது என எண்ணுதல் தவறு. செருமனியின் மியூனிக் நகரசபை 2003இல் லினக்சுக்கு மாறத் தீர்மானித்தது. ஏறத்தாழப் பத்தாண்டு முயன்று, 2013 அளவில் 15,000 வரையான கணினிகளை மாற்றி முடித்தது. அதே சபை 2017இல் விண்டோசுக்குத் திரும்புவதெனத் தீர்மானித்தது. இதனைக் கொண்டு லினக்ஸ் ஆகாது என முடிவு கட்டுதல் பொருந்தாது. இந்தியாவிலே கேரளப் பாடசாலைகள் நெடுங்காலமாக அதனையே கையாண்டு வருகின்றன. பழகிய மென்பொருள்களும் பிறரோடு பரிமாறும் கோப்புகளும் பயன்படுத்துவோரின் மனவிருப்பமும் ஒத்துவராதவிடத்து, எத்துணை நல்ல முறைமையும் நிலைபெறாது என்பதே இவ்விரு நிகழ்ச்சிகளாலும் பெறப்படும்.

ஆகவே யாமும் மாதிரி எடுத்துப் பார்க்கலானோம். லினக்ஸ் மின்றைப் பென்டிரைவ் ஒன்றிற் பதித்து, அதிலிருந்தே கணினியைத் தொடக்கி, வன்தட்டில் எதனையும் மாற்றாது இயக்கிப் பார்க்கலாம். இவ்வசதி பலர் அறியாதது. ஒரு வாரகாலம் மாலைதோறும் இவ்வாறு பரீட்சித்தோம். இணைய இணைப்பும் ஒலியும் அச்சுப்பொறியும் குறையின்றி இயங்கின. பாமினி எழுத்துருவில் முன்னர்த் தட்டெழுதிய கட்டுரைகளைத் திறந்தபோது ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடந்தாற்போன்ற தோற்றமே கண்டோம். பாமினி ஒருங்குகுறிக்கு முற்பட்ட முறையில் அமைந்ததாதலின், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இவ்வாறுதான் தோன்றும். எழுத்துருக் கோப்பைச் சேர்த்ததும் தமிழ் மீண்டது. பழைய கணக்கு மென்பொருள் ஒன்று மட்டும் விண்டோஸ் இன்றி இயங்க மறுத்தது.

இச்சோதனையின்போதே எமக்கு ஓருண்மை புலப்பட்டது. இதுகாறும் எந்த முறைமை சிறந்தது என்று வினவிக்கொண்டிருந்தோமேயன்றி, கணினியினுள்ளே எவை இருக்கின்றன என்று வினவினோமல்லோம். காணி உறுதிகளின் படிகள், பிறப்புச் சான்றிதழ்கள், மறைந்த பெற்றோரின் ஒளிப்படங்கள், பதினைந்தாண்டுக்கால எழுத்துகள் யாவும் ஒரே வன்தட்டில் இருந்தன. அவற்றுக்கு மறுபடி இல்லை. முசலிப் பகுதி முஸ்லிம் மக்கள் 1990 ஒக்டோபரிலே வெளியேற்றப்பட்டு, கையிற் கொண்டதொன்றோடு புத்தளம் முதலிய இடங்களை அடைந்தனர். மீண்டு வந்து தமது காணியைத் தமதென நிறுவ வேண்டியிருந்தோர்க்கு ஒரு துண்டுக் கடதாசியின் பெறுமதி யாதென்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இக்கரையில் வாழ்ந்தும் அப்பாடத்தை யாம் மறந்திருந்தோம் என்பதை நாணத்துடன் ஒப்புக்கொள்கின்றோம்.

ஆதலின், முறைமையை மாற்றுமுன் கோப்புகள் யாவற்றையும் இரண்டு படிகளாக எடுத்தோம். ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை உறவினர் இல்லத்திலும் வைத்தோம். படி எடுத்ததோடு அமையாது, வேறொரு கணினியில் அவை திறக்கின்றனவா என்றும் பார்த்தோம். அதன் பின்னரே வன்தட்டைப் பகிர்ந்து, ஒரு பாகத்தில் லினக்சை நிறுவினோம். இணையப் பணிகள் யாவும் இப்பொழுது அதிலேயே நடைபெறுகின்றன. மற்றப் பாகத்தில் 10ஆம் பதிப்பு, இணையத் தொடர்பின்றி, அப்பழைய கணக்கு மென்பொருளுக்காக மாத்திரம் இருக்கின்றது.

எமது முடிவே யாவர்க்கும் உரிய முடிவு என யாம் கூறோம். கணினி தகுதி உடையதாயின் 11ஆம் பதிப்புக்கு மாறுதலே எளிது. அவ்வாறு மாறிய பின் ஒவ்வாமை தோன்றின், பொதுவாகப் பத்து நாள்களுக்குள் முந்திய பதிப்புக்கு மீளவும் இடமுண்டு. ஆயின், புதிதாக நிறுவி மைக்ரோசொப்ட் கணக்கினால் உட்புகும் கணினிகள் பலவற்றிலே சேமிப்பிடம் தானாகவே மறைகுறியாக்கப்படுதலின், மீட்புத் திறவெண்ணைத் தாளில் எழுதி வைத்தல் இன்றியமையாதது. தரவிறக்கமும் ஐந்து ஜிகாபைற்றுக்கு மேற்பட்டதாகலின், கைத்தொலைபேசி இணையத்தை நம்பியிருப்போர் அதனையும் கணக்கிலெடுக்க வேண்டும். மின்தடை நேரும் ஊர்களில் மடிக்கணினியின் மின்கலத்தை முற்ற நிரப்பிய பின்னரே தொடங்குதல் நன்று. பிள்ளைகள் பாடசாலையிற் பயிலும் மென்பொருள் யாதென்பதையும் கேட்டறிதல் வேண்டும். மலிவு கருதி உரிமமற்ற பிரதிகளை ஏற்றுவோர், கள்வனையே காவலனாக்கியவராதலுங் கூடும்.

முத்துப்பார்களை 1906இல் 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த கம்பெனி, 1905ஆம் ஆண்டுச் சலாபத்தின் பெருக்கத்தைக் கண்டு துணிந்தது. பார்கள் வறண்டன, குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பெனி கலைக்கப்பட்டது. சென்ற ஆண்டின் சிறப்பு வரும் ஆண்டுக்குப் பிணையாகாது. இதுவரை ஒன்றும் நேரவில்லையே என்று பழைய முறைமையோடு இணையத்தில் உலாவுவோர்க்கும், புதியது என்ற ஒன்றையே கண்டு பாய்வோர்க்கும் இதிற் பாடமுண்டு. கணினியை இழப்பின் வேறொன்று வாங்கலாம். முறைமை பிழைப்பின் வேறொன்று நிறுவலாம். பெற்றோரின் படத்தை எக்கடையில் வாங்குவது? எம்முறைமையைத் தெரியினும் தெரிக. அதற்குமுன், அன்பர்களே, இன்றிரவே கோப்புகளுக்கு ஒரு படி எடுத்து வைப்பீராக.