கருவி வகுக்கும் நெறி

பலர் கூடிச் செய்யும் தொழிலில் பூசல்கள் பெரும்பாலும் சிறு செய்திகளிலேயே பிறக்கின்றன. பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஓர் அச்சகத்தைக் கருதுவோம். திருமண அழைப்பிதழை ஒருவர் தட்டச்சிடுகிறார்; மற்றொருவர் திருத்துகிறார். பத்தித் தொடக்கத்தில் எவ்வளவு இடம் விடுவது என்று ஒவ்வொரு முறையும் வாதிட்டுக்கொண்டிருந்தால், மணமகன் பெயரில் நேர்ந்த பிழையை யார் காண்பது?

மென்பொருள் எழுதுவோர்க்கும் இவ்விடர் உண்டு. கணினிக்கு இடும் கட்டளைத் தொகுப்பாகிய நிரலைப் பலர் சேர்ந்து எழுதுகின்றனர். வரியை எங்கே முறிப்பது என்பதில் அவரவர்க்கு ஒரு விருப்பம். கூகுள் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட கோ மொழியோடு, நிரலை ஒரே வடிவில் ஒழுங்குசெய்யும் கருவியும் வந்தது. பைத்தான் மொழிக்கு 2018-இல் தோன்றிய பிளாக் என்னும் கருவியும் இத்தகையதே. வரியின் நீளம் 88 எழுத்து என்பதை அதுவே இயல்பளவாகக் கொள்கிறது. வடிவம் ஒன்றானபின், ஒருவர் செய்த மாற்றத்தைப் பார்ப்பவர்க்குக் கருத்து மாற்றம் மட்டுமே கண்ணில் படும்.

தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. சென்னையில் 1999-இல் நடந்த மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 என்னும் விசைப்பலகை தரப்படுத்தப்பெற்றது. அதில் உயிரெழுத்துகள் இடப்புறம், மெய்கள் வலப்புறம். 'பந்து' என எழுத ப, ந, த, உ என்னும் நான்கு விசைகளே போதும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தால் கருவியே புள்ளி இடும். ஒரே மெய் இரட்டித்தாலும் அவ்வாறே. அ, ம, ம, ஆ என்று தட்டினால் 'அம்மா' வரும்.

எனினும், 'தத்தை' என்னும் சொல்லின் முதல் தகரத்திற்குப் புள்ளி ஆகாதே! அங்கே முதல் தகரத்தை அடுத்து அகர விசையைத் தட்டினால் புள்ளி விழாது. பிளாக் கருவியிலும், குறித்த பகுதியைத் தொடாதே என நிரலுக்குள்ளேயே எழுதி வைக்கலாம். பொது வழக்கிற்கு விதி, அரிய வழக்கிற்கு விலக்கு என்பது நம் இலக்கண ஆசிரியர்கள் அறிந்த முறையன்றோ?

இவ்வொழுங்கால் விளையும் நன்மை காலச் சிக்கனம் மட்டுமன்று. மூத்தவர் சிவப்பு மையால் திருத்தினால் புதியவர் மனம் சுருங்கும். கருவி திருத்தினால் எவர்க்கும் இழுக்கில்லை. அனைவர்க்கும் விதி ஒன்றே. ஆனால் விதி தவறாயின் தவறும் அனைவர்க்கும் பொதுவாகிவிடும். ஆகவே கருவியைக் குழுவினர் கூடி ஆராய்ந்து ஏற்றல் வேண்டும். ஏற்றபின் சிறியவற்றைக் கருவியிடம் விட்டுப் பெரியவற்றில் அறிவைச் செலுத்துவதே குழுவுக்கு ஆக்கம் தரும்.