சேமிப்பகத்தின் இரண்டாவது பதிப்பு எண்

ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு டிசைன் போட்டுக்கொடுக்கும் ஓர் அலுவலகம் சத்துவாச்சாரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோப்புகள் ஒரே கணினியில் அடங்கவில்லை. மூன்று சர்வர்களின் வட்டுகளைச் சேர்த்து ஒரே சேமிப்பிடமாகக் காட்டும் மென்பொருள் வேண்டும். அந்த வேலைக்குப் பேர்போனது க்ளஸ்டர்எஃப்எஸ். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி, ஹிதேஷ் செல்லானியுடன் 2005இல் தொடங்கிய நிறுவனம் அதை உருவாக்கியது. 2011இல் ரெட் ஹாட் அந்த நிறுவனத்தை வாங்கியது.

லினக்ஸில் இந்த மென்பொருள் பல பொதிகளாக (பேக்கேஜ்) பிரிந்து வரும். தரவைக் காக்கும் சர்வருக்கு ஒன்று, நிர்வாகி கட்டளை தட்டும் 'சிஎல்ஐ' கருவிக்கு ஒன்று, டிசைனரின் கணினியில் அந்த இடத்தை ஃபோல்டராக இணைக்கும் 'ஃபியூஸ்' ஒன்று. டிசைனரின் கணினிக்கு சர்வர் நிரல் எதற்கு? பிரித்தது நல்ல முடிவு.

சிக்கல் பதிப்பை உயர்த்தும்போது வருகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று சர்வரிலும் நகல் இருந்தால், வேலையை நிறுத்தாமல் ஒவ்வொன்றாக மாற்றலாம். ஒன்றை நிறுத்தி, புதுப் பொதி ஏற்றி, மறுபடி ஓடவிட வேண்டும். இடையில் மாறிய கோப்புகளை அது மற்றவற்றிடமிருந்து வாங்கிச் சரிசெய்துகொள்ளும். 'ஹீல் இன்ஃபோ' கட்டளை பாக்கி பூஜ்யம் என்று காட்டும்வரை அடுத்த சர்வரைத் தொடவே கூடாது. அவசரப்பட்டால் பழைய நகலே மிஞ்சும் அபாயம் உண்டு.

அந்த இடைவேளையில் புதியதும் பழையதும் ஒன்றாக ஓடுகின்றன. பழையதுக்குப் புரியாத வசதியைப் புதியது பயன்படுத்தக் கூடாது. அதற்காகவே 'ஆப்-வெர்ஷன்' என்ற இரண்டாவது எண் இருக்கிறது. பஞ்சாயத்தில் எல்லோருக்கும் தெரிந்த மொழியில் பேசுவதுபோல, சர்வர்கள் அந்த எண்ணுக்கு உட்பட்டே பேசிக்கொள்ளும். 3.7.12 பதிப்புக்கு அது 30712. 7ஆம் பதிப்புக்கு 70000. பொதி மாறினாலும் இந்த எண் தானாக ஏறாது. எல்லா சர்வரும் மாறிய பிறகு நிர்வாகிதான் கட்டளை கொடுத்து ஏற்ற வேண்டும். ஏற்றியபின் இறக்க வழியில்லை. இவ்வளவு முன்யோசனையோடு செய்யப்பட்ட ஏற்பாட்டைப் பலர் கவனிப்பதே இல்லை. புதுப் பொதி போட்டதோடு வேலை முடிந்ததென்று விட்டுவிடுகிறார்கள்.

எல்லா சேமிப்பு மென்பொருளும் பதிப்பு எண்ணை இப்படி வைப்பதில்லை. அதே பெரியசாமி 2014இல் மற்றவர்களோடு தொடங்கிய மினியோ என்ற சேமிப்பு மென்பொருளின் நிர்வாகக் கருவி 'எம்சி'. அதன் பதிப்பு எண் வெளியான தேதியும் நேரமும்தான். அதே பெயரில் மிட்நைட் கமாண்டர் என்ற வேறொரு நிரல் ஏற்கெனவே இருப்பதால், லினக்ஸ் பொதிகளில் 'எம்சிஎல்ஐ' என்று வரும். 2025இல் மினியோ தன் இலவசப் பதிப்புக்கு ஆயத்தப் பொதி தருவதை நிறுத்தி, மூலநிரலை மட்டும் கொடுக்கத் தொடங்கியது.

ஆயத்தப் பொதி என்றைக்கும் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே, உங்கள் தரவுக்கு பேக்கப் எடுக்கும்போது, இன்று ஓடும் சர்வர் பொதி, கருவிப் பொதி இரண்டையும் அதோடு சேர்த்து வையுங்கள். ஆப்-வெர்ஷன் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.