புகையைப் பிடித்தால் சம்பளம்!

புகை பிடிப்பது உடம்புக்குக் கெடுதல். ஆனால் புகையைப் பிடிப்பது இப்போது ஒரு படிப்பு, ஓர் உத்தியோகம்!

இது என்ன விந்தை என்கிறீர்களா? மேலே படியுங்கள்.

தகப்பனாரின் கேள்வி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உத்தனப்பள்ளி என்று ஓர் ஊர். ஓசூரிலிருந்து இராயக்கோட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. தக்காளியும் பூவும் விளையும் பூமி. இப்போது அந்த வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. விடிந்தால் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கின்றன.

அங்கே ஒரு டீக்கடையில் ஒரு விவசாயியைச் சந்தித்தேன். அவருடைய மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ரசாயனத்தில் நல்ல மார்க்.

"கம்பெனியில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், சார். அடுத்த மாதமே சம்பளம். பாப்பாவோ கெமிஸ்ட்ரி படிப்பேன் என்று அடம் பிடிக்கிறது. அதைப் படித்து என்ன ஆகப் போகிறது? நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

நியாயமான கேள்வி. இன்று எத்தனையோ வீடுகளில் கேட்கப்படும் கேள்வி. அதற்குப் பல பதில்கள் உண்டு. அவற்றில் ஒன்று, புகையைப் பிடிக்கும் ஆராய்ச்சி.

ஒரு கிலோ மூன்றரை கிலோ ஆகிறது!

நம் நாட்டில் மின்சாரத்தின் பெரும் பகுதி நிலக்கரியை எரித்தே தயாராகிறது. கரி எரியும்போது காற்றில் உள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து கரியமில வாயு ஆகிறது. ஒரு கிலோ சுத்தமான கரி எரிந்தால் மூன்றரை கிலோவுக்கு மேல் கரியமில வாயு வரும்!

இந்த வாயு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கம்பளி போலப் பூமியைப் போர்த்திக்கொள்கிறது. சூடு வெளியே போவதைத் தடுக்கிறது.

1958ல் ஹவாய் தீவில் ஒரு மலை மேல் இதை அளக்க ஆரம்பித்தார்கள். அப்போது பத்து லட்சம் பங்கு காற்றில் இந்த வாயு 315 பங்கு இருந்தது. இப்போது 420 பங்கைத் தாண்டிவிட்டது.

இதனால் நமக்கு என்ன? தக்காளி போட்டவரைக் கேளுங்கள். வெயில் மிஞ்சினால் பூ உதிர்ந்துவிடும். பூ போனால் காய் ஏது?

தோண்டும்போதே தொல்லை

எரித்தால்தான் கெடுதல் என்பது இல்லை. சுரங்கத்தில் நிலக்கரியைத் தோண்டும்போதே மீத்தேன் என்ற வாயு கசிகிறது. சாண எரிவாயுக் கலத்தில் வருகிறதே, அதில் உள்ள வாயுதான். 20 வருஷக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப் போல 80 மடங்கு சூட்டை இது பிடித்து வைக்கும்.

ஆனால் இதைப் பிடித்துவிட்டால் அடுப்பு எரிக்கலாம், மின்சாரம் எடுக்கலாம். தொல்லையே செல்வம் ஆகிவிடும்!

பூமியிலிருந்து எடுக்கும் எரிவாயுவிலும் கரியமில வாயு கலந்து வருவது உண்டு. நார்வே நாட்டில் அதைப் பிரித்து, கடலுக்கு அடியில் உள்ள மணல் பாறைக்குள் 1996 முதல் செலுத்தி வந்தார்கள். வருடத்துக்குச் சுமார் பத்து லட்சம் டன்! வெளியே விட்டால் வரி கட்ட வேண்டும் என்று அந்த நாட்டு அரசாங்கம் 1991லேயே சட்டம் போட்டிருந்தது.

தூத்துக்குடியில் நடந்தது

வெளிநாட்டுக் கதை எதற்கு? நம் தூத்துக்குடியில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே ஒரு ரசாயனத் தொழிற்சாலை. சோடாவும் உரமும் தயாரிப்பது. சோடா செய்யக் கரியமில வாயு வேண்டும். கொதிகலனின் புகைப்போக்கியிலோ அது வீணாகப் போய்க்கொண்டிருந்தது. 2016ல் அந்தப் புகையையே மடக்கிப் பிடித்தார்கள். வருடத்துக்கு 60,000 டன் வரை பிடிக்கும் ஏற்பாடு அது. அரசாங்க மானியம் வாங்காமலே செய்தார்கள்.

எப்படிப் பிடிப்பது? புகையைக் குளிர வைத்து உயரமான கோபுரத்துக்குள் விடுகிறார்கள். மேலிருந்து ஒரு திரவம் மழை போல் பொழிகிறது. அது கரியமில வாயுவை மட்டும் பிடித்துக்கொள்ளும். பிறகு திரவத்தைச் சூடாக்கினால் வாயு தனியே பிரிந்து வரும். திரவம் மறுபடி கோபுரத்துக்குப் போகும்.

இதற்கான திரவத்தைக் கண்டுபிடித்தவர்கள் அனிருத்தா சர்மா, பிரதீக் பம்ப் என்ற இரண்டு இளைஞர்கள். இருவரும் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள். 2009ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள்.

வேலை முடிந்துவிட்டதா?

இல்லை. இனிமேல்தான் இருக்கிறது.

திரவத்தைச் சூடாக்க நீராவி வேண்டும். நீராவிக்குக் கரி வேண்டும். புகையைப் பிடிக்கவே கரியை எரித்தால் என்ன லாபம்? குறைந்த சூட்டில் வேலை செய்யும் திரவம் எது? பிடித்த வாயுவை என்ன செய்வது? இந்தியாவில் வருடத்துக்கு 250 கோடி டன்னுக்கு மேல் வெளியேறுகிறது. அவ்வளவையும் சோடா ஆக்க முடியுமா? இவைதான் ஆராய்ச்சி.

இதற்காக 2022ல் மத்திய அரசு இரண்டு தேசிய மையங்களை அமைத்தது. ஒன்று பம்பாய் ஐ.ஐ.டி.யில். மற்றொன்று பெங்களூர் ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு ஆராய்ச்சி மையத்தில். ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர்தான்!

ஜக்கூரில் பேராசிரியர் செபாஸ்டியன் பீட்டர், கரியமில வாயுவை மெத்தனால் என்ற எரிபொருளாக மாற்றும் ஆராய்ச்சி செய்பவர். அவருடைய குழு 2018ல் ஓர் உலகப் போட்டியின் கடைசிச் சுற்றுக்கு வந்த பத்துக் குழுக்களில் ஒன்று. 2021ல் பரிசு வேறு குழுக்களுக்குப் போயிற்று. ஆனாலும் உலகம் இவர்களைத் திரும்பிப் பார்த்தது.

என்ன படிப்பது?

ரசாயனம், பௌதிகம், பூமியியல், என்ஜினீயரிங் எதுவும் உதவும். பி.எஸ்ஸி. மூன்று வருஷம், எம்.எஸ்ஸி. இரண்டு வருஷம். ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் "ஜாம்" பரீட்சையில் தேறினால் பெரிய நிலையங்களில் எம்.எஸ்ஸி. படிக்கலாம். பிறகு "நெட்" பரீட்சை. அதில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருஷத்துக்குப் பின் 42,000. இது 2023ல் உயர்த்தப்பட்ட தொகை. டாக்டர் பட்டத்துக்குச் சுமார் ஐந்து வருஷம் ஆகும்.

பரீட்சை கடினம்தான். எல்லோருக்கும் கிடைத்துவிடாது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் முயன்றவர்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது.

பட்டம் பெற்றவர்களுக்கு விஞ்ஞானக் கூடங்கள், எண்ணெய்க் கம்பெனிகள், மின் நிலையங்களின் ஆராய்ச்சிப் பிரிவுகள் என்று பல இடங்கள் உண்டு.

இவ்வளவையும் அந்த விவசாயியிடம் சொன்னேன்.

"பத்து வருஷமா!" என்று மலைத்தார்.

"முதல் ஐந்து வருஷம் நீங்கள் படிக்க வையுங்கள், ஐயா. தேறிவிட்டால் அடுத்த ஐந்து வருஷம் படிப்பே அவளுக்குச் சோறு போடும்" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். டீ ஆறிப்போயிற்று.

"கம்பெனி எங்கேயும் போய்விடாது. படிக்கிற வயசு திரும்பி வராது. காலேஜ் அப்ளிகேஷனுக்குக் கடைசித் தேதி எப்போது, சார்?" என்று கேட்டார்.