பாட்டியின் அட்டிகையில் மின்னுவது மாணிக்கமா?

பூச்சோங்கில் எங்கள் பள்ளிக்குத் தேர்ச்சி அறிக்கை வாங்க வந்த ஒரு தாயார், மாமியாரின் பழைய அட்டிகையைக் காட்டினார். "அடகுக் கடையில தங்கத்துக்கு மட்டும்தான் விலை சொல்றாங்க, டீச்சர். சிவப்புக் கல்லெல்லாம் கண்ணாடியாம். உண்மையா?"

மாணவர்களே, ஆய்வுக்கூடத்தில் பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி இருந்தது. அதில் பார்த்தோம். கற்களின் விளிம்புகள் மழுங்கியிருந்தன. உள்ளே உருண்டையான சிறு குமிழிகள். மோஸ் அளவில் மாணிக்கத்தின் கடினம் 9, கண்ணாடிக்குச் சுமார் 5.5தான். அதனால் கண்ணாடி சீக்கிரம் தேய்கிறது. குமிழியோ, உருகிய குழம்பு ஆறும்போது சிக்கிய காற்று.

ஆனால் குமிழி மட்டும் சாட்சியாகாது. 1902இல் பிரான்சின் ஆகஸ்ட் வெர்னேய் அறிவித்த முறையில், தீச்சுவாலையில் உருக்கிச் செய்யும் செயற்கை மாணிக்கத்திலும் குமிழி இருக்கலாம். ஆகவே நகையைத் துடைத்து, சற்று நேரம் மேசையில் விட்டு, கல்லை உதட்டில் வைத்துப் பாருங்கள். மாணிக்கம், செயற்கையானாலும், வெப்பத்தை விரைவாகக் கடத்தும், சில்லென்றிருக்கும். கண்ணாடி அவ்வளவு குளிராது. அந்தக் கற்கள் குளிரவில்லை.

பிறகு எப்படி அத்தனை மினுமினுப்பு? கல்லுக்குப் பின்னால் வைத்த மெல்லிய பளபளப்புத் தகடு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. பரதநாட்டிய நகைகளின் கெம்புக் கற்களிலும் பெரும்பாலும் இதே உத்திதான். நாகர்கோவில் வடசேரியில் இவ்வகை நகை செய்வது பரம்பரைத் தொழில். 18ஆம் நூற்றாண்டில் பாரிசின் ஸ்ட்ராஸ், ஈயம் கலந்த கண்ணாடியில் வைரம் போன்ற கற்களைச் செய்தே புகழ்பெற்றார்.

வீட்டு நகையை ஊசியால் கீறிப் பார்க்காதீர்கள். தண்ணீரிலும் ஊற வைக்காதீர்கள். ஈரம் புகுந்தால் தகடு கறுத்து, கல் மங்கிவிடும்.

அந்தத் தாயார் அட்டிகையைத் துணியில் சுற்றிக்கொண்டார். பணத்துக்கு வேறு வழி பார்க்கிறாராம்.