சாரல் பிந்தினால் வெள்ளை ஈ முந்தும்

தென்னை ஓலையின் அடிப்பக்கம் மாவு அப்பினது போல வெள்ளை. அதற்குக் கீழே இருக்கும் ஓலையின் மேல்பக்கம் கரி பூசினது போலக் கறுப்பு. மேலகரம், செங்கோட்டைப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சிதான். "மரத்துக்குக் கரி நோய் வந்துட்டு அண்ணாச்சி" என்பார்கள். கறுப்பு, நோய் அல்ல. சுருள் வெள்ளை ஈ சாற்றை உறிஞ்சிவிட்டு ஒழுகவிடும் தேன் போன்ற கழிவில் வளரும் பூசணம் அது. ஓலையில் வெயில் படாமல் மரத்துக்குச் சாப்பாடு குறையும்.

இந்த ஈ நம்ம ஊர்ப் பூச்சி இல்லை. நடு அமெரிக்காவின் பெலிஸ் நாட்டில் கிடைத்ததை வைத்து 2004இல்தான் இதற்குப் பெயரே வைத்தார்கள். 2009இல் அமெரிக்காவின் புளோரிடா, 2016இல் நம்ம பொள்ளாச்சி. அந்த 2016ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்த வருஷம். மழை குறைந்து, சூடு கூடி, காற்றில் ஈரம் இல்லாமல் போனதும் இது பெருக ஒரு காரணம் என்றே ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

பலத்த மழை ஈயை அடித்துக் கழுவும். ஈரத்தில் பூச்சியைக் கொல்லும் பூஞ்சைகளும் வளரும். மழை இல்லாவிட்டால் இரண்டும் நடக்காது. சூட்டில் அது சீக்கிரம் அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். காலநிலை மாற்றம் என்றால் மொத்த மழை குறைவது மட்டும் இல்லீங்க. நாலு நாளில் கொட்டிவிட்டு நாற்பது நாள் காய்வதும்தான். வருஷக் கணக்கு சரியாக இருக்கும், இடைவெளியில் ஈ ஏறியிருக்கும். ஆனி, ஆடியில் சாரல் விடாமல் தூறினால் நம் ஓலைகள் தானாகக் கழுவப்படும். சாரல் பிந்தினால் பங்குனியில் ஏறினது இறங்குவதில்லை.

நல்லவேளை, இதன் எதிரியும் கூடவே வந்து சேர்ந்துவிட்டது. என்கார்சியா என்ற குளவி, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைத்து அதைத் தின்றே வளரும். லென்ஸ் வைத்து ஓலையின் அடியைப் பாருங்கள். கூடு 'டி' எழுத்துப் போலப் பிளந்திருந்தால் ஈ பிழைத்துப் பறந்திருக்கிறது; வட்டத் துளை இருந்தால் குளவி வெளியேறியிருக்கிறது. வட்டத் துளை கூடக்கூட நிம்மதியாகத் தூங்கலாம்.

சங்கடம் என்னவென்றால், முதலில் ஈ ஏறும், பிறகுதான் குளவி ஏறும். அந்த இடைவெளியில்தான் நம் ஆட்கள் பொறுமை இழந்து ரசாயன மருந்து அடிக்கிறார்கள். வெள்ளை நாலு நாள் குறையும். மெழுகுக்குள் இருக்கிற குஞ்சு தப்பும், குளவி சாகும். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், வட்டிக்காக அசலை உடைப்பது.

அந்த இடைவெளியில் நான் செய்வது இவ்வளவுதான். மழையில்லாத நாட்கள் நீண்டால், ஓலையின் அடிப்பக்கம் படும்படி விசையாகத் தண்ணீர் பீய்ச்சுவது. ஏக்கருக்கு எட்டுப் பத்து மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி ஆள் உயரத்தில் கட்டுவது. குளவியும் மஞ்சளுக்கு வரும். வட்டத் துளை கூடினதும் கழற்றிவிடுவேன். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா காய்ச்சிய பசை. காய்ந்து உரியும்போது கறுப்பையும் சேர்த்து உரித்துவிடும். இசேரியா பூஞ்சை கிடைத்தால் லிட்டருக்கு 5 கிராம், ஆனால் ஈரம் இருக்கிற சாயங்காலத்தில் மட்டும். உச்சி வெயிலில் அடித்தால் காசுக்குக் கேடு.

குளவியே இல்லாத தோப்புக்கு, வட்டத் துளை உள்ள ஓலைத் துண்டுகளைக் கொண்டுபோய்க் கட்டலாம். குட்டை, ஒட்டு ரகங்களில் ஈ அதிகம் உட்காரும், முதலில் அங்கே கட்டுங்கள். ஊடுபயிராக வாழை, கொய்யா இருந்தால் அதன் இலையடியையும் பார்க்கணும். வெளியூர் நாற்றங்காலில் கன்று வாங்கும்போதும் இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டே வண்டியில் ஏற்றுங்கள்.

ஒரு தோப்பில் மட்டும் குளவியைக் காப்பாற்ற முடியாது. பக்கத்துத் தோப்புக்காரர் மருந்து அடிக்கக் கிளம்பினால் சண்டை போடாமல், லென்ஸையும் ஓலையையும் கையில் கொடுத்து அந்த வட்டத் துளையைக் காட்டுங்கள்.